மாத்திரை போட்டும் எச்.ஐ.வி. உடம்பில் எங்கே தங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, வைரல் லோடு ரிப்போர்ட்டில் 'கண்டறியப்படவில்லை' என்று பார்த்தவர்கள் அடுத்துக் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அப்போ சரியாகிவிட்டதா?" இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கும். அதற்காகத்தான் இந்தப் பக்கம்.

வைரஸ் இல்லை என்றுதானே ரிப்போர்ட் வந்திருக்கிறது? பிறகு எதற்கு மாத்திரை?

ரிப்போர்ட்டை இன்னொரு முறை பாருங்கள். 'இல்லை' என்று எழுதியிருக்காது. 'கண்டறியப்படவில்லை' என்றோ, '20-க்குக் கீழ்', '50-க்குக் கீழ்' என்றோ இருக்கும். வைரல் லோடு பரிசோதனை எண்ணுவது, ஒரு மில்லி பிளாஸ்மாவில் மிதக்கும் வைரஸ்களின் ஆர்.என்.ஏ. என்ற மரபுப் பொருளை. இரத்தத்திலிருந்து செல்களை எல்லாம் நீக்கிவிட்டால் மிஞ்சும் மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. செல்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று இந்தப் பரிசோதனை பார்ப்பதே இல்லை. வைரஸ் தங்கியிருப்பதோ செல்களுக்கு உள்ளே.

வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேலே தெரிகிற புல்லை எல்லாம் பிடுங்கிவிட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், மறுபடி முளைத்துவிடும். வைரல் லோடு என்பது மண்ணுக்கு மேலே தெரியும் கோரையின் கணக்கு.

அந்தக் கிழங்கு எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் நோய் எதிர்ப்புக்கு உதவும் நம்முடைய சிடி4 செல்களில், அதிலும் ஓய்வில் இருக்கும் 'நினைவு' செல்களில்.

சின்ன வயதில் தட்டம்மை வந்துபோனவருக்கு மறுபடி வருவதில்லை, இல்லையா? அந்தக் கிருமியை எதிர்த்த செல்களில் பெரும்பாலானவை வேலை முடிந்ததும் செத்துவிடும். கொஞ்சம் மட்டும் அதை 'ஞாபகம்' வைத்துக்கொண்டு, ஓய்வு நிலைக்குப் போய், ஆண்டுக்கணக்கில் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அதே கிருமி திரும்ப வந்தால் விழித்துக்கொண்டு பெருகும். தடுப்பூசிகள் பலன் தருவதும் இந்த ஏற்பாட்டால்தான்.

எச்.ஐ.வி. பிடிப்பது சுறுசுறுப்பாக இருக்கும் சிடி4 செல்லை. பிடித்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, அதை அந்தச் செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் ஒட்டிவிடுகிறது. நம் மரபுத்தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்டது; வைரஸ் நுழைப்பது ஏறக்குறைய 10,000 எழுத்துகள். அப்படி ஒட்டப்பட்ட செல்களில் பெரும்பாலானவை வைரஸைத் தயாரித்துக்கொண்டே ஓரிரு நாளில் செத்துப்போகும். ஆனால் சில செல்கள், வைரஸ் ஒட்டிக்கொண்ட அதே சமயத்தில், ஓய்வு நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். செல் தூங்கினால் வைரஸும் தூங்கும், ஏனென்றால் வைரஸின் மரபணுவைப் படிக்கத் தேவையான புரதங்கள் தூங்கும் செல்லில் வேலை செய்வதில்லை. வைரஸ் புரதம் எதுவும் வெளியே தெரியாததால் எதிர்ப்பு மண்டலத்துக்கு அந்தச் செல் மற்ற செல்களைப் போலத்தான் தெரியும்.

ஆக, எச்.ஐ.வி. உடம்பில் ஏதோ மூலையில் ஒளிந்திருக்கிறது என்பது பாதி உண்மை. அது நம் நோய் எதிர்ப்பு ஞாபகத்துக்குள்ளேயே எழுதப்பட்டுவிட்டது. ஞாபகம் நீண்ட நாள் நிற்க வேண்டும் என்று உடம்பு செய்துவைத்த ஏற்பாடெல்லாம் இப்போது வைரஸுக்கும் சேர்த்துப் பலன் தருகிறது.

மாத்திரைக்கு ஏன் அதை அழிக்கத் தெரியவில்லை? பவர் போதவில்லையா?

பவர் பிரச்சினை இல்லை, வேலைப் பிரிவினை. இப்போது பலருக்கும் கொடுக்கப்படும் டி.எல்.டி. மாத்திரையில் மூன்று மருந்துகள் உண்டு. டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாக மாறுவதைத் தடுக்கின்றன. டோலுடெகிராவிர், அந்த டி.என்.ஏ. செல்லின் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது. அதாவது புதிய செல் பிடிபடாமல் காப்பதுதான் இவற்றின் வேலை. ஏற்கெனவே ஒட்டிவிட்ட செல்லில் தடுக்க எதுவும் மிச்சமில்லை. டோஸைக் கூட்டினாலும், நான்காவது ஐந்தாவது மருந்தைச் சேர்த்தாலும் இது மாறாது. சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள், மிச்சமிருக்கும் வைரஸ் குறையவில்லை.

இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி, ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி என்கிறார்களே, அதுவாவது?

அவையும் இதே வேலையைத்தான் நீண்ட நாளுக்குச் செய்கின்றன. தினமும் மாத்திரை போடும் தொல்லை தீரும், பதுங்கியிருப்பதைத் தொடாது.

இதெல்லாம் ஆரம்பத்திலேயே தெரியுமா?

தெரியாது. 1996-இல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தபோது பிளாஸ்மாவில் வைரஸ் சரசரவென்று இறங்கியது. முதல் சில நாட்களில் பெரும் சரிவு, அடுத்த சில வாரங்களில் மெதுவான சரிவு, அப்புறம் கண்ணுக்குத் தெரியாத அளவு. இந்தச் சிகிச்சையை ஆராய்ந்த டேவிட் ஹோ அந்த ஆண்டு 'டைம்' இதழின் அட்டையில் ஆண்டின் மனிதராக வந்தார். அந்தச் சரிவின் வேகத்தை வைத்து அவரும் கணித அறிஞர் ஆலன் பெரல்சனும் 1997-இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: இன்னும் தெரியாத இடம் எதுவும் இல்லையென்றால், 2.3 முதல் 3.1 ஆண்டுகளில் வைரஸ் ஒழிந்துவிடும். 'இல்லையென்றால்' என்பதை அவர்கள் சொல்லித்தான் இருந்தார்கள். நம்பிக்கையில் இருந்தவர்கள் காதில் அது விழவில்லை.

அதே 1997-இல் மூன்று ஆய்வுக் குழுக்கள், நன்றாக மருந்தில் இருந்தவர்களின் ஓய்வுச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் தூண்டிப் பார்த்தன. உயிருள்ள வைரஸ் எழுந்து வந்தது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சிலிசியானோவின் குழு, இந்தச் செல்கள் எவ்வளவு மெதுவாகக் குறைகின்றன என்றும் அளந்தது. பாதியாவதற்குச் சுமார் 44 மாதங்கள். கணக்கை நீங்களே போடலாம். பத்து லட்சம் செல்லில் தொடங்கி ஒன்றுக்கு வர 20 முறை பாதியாக வேண்டும். 20-ஐ 44-ஆல் பெருக்கினால் 880 மாதம், அதாவது 73 ஆண்டு. மூன்று ஆண்டு என்று நம்பியது ஒரு ஆயுட்காலம் என்று ஆனது.

அப்படி எத்தனை செல்கள் இருக்கும்?

ஆய்வகத்தில் தூண்டி எழுப்பிப் பார்த்தால், ஓய்வில் இருக்கும் பத்து லட்சம் சிடி4 செல்களில் ஒன்று என்ற அளவில்தான் உயிருள்ள வைரஸ் வெளிவருகிறது. வைரஸ் டி.என்.ஏ. இருக்கிறதா என்று மட்டும் தேடினால் எண்ணிக்கை நூறு மடங்குக்கும் மேல் போகும். இந்த வித்தியாசம் ஆராய்ச்சியாளர்களையே பல காலம் குழப்பியது.

ஒட்டியிருப்பவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பழுதானவை என்பதுதான் விஷயம். வைரஸ் தன்னை நகலெடுக்கும்போதே ஏகப்பட்ட பிழை விடும். பெரிய துண்டுகள் விட்டுப்போகும். நம் செல்லிலேயே ஒரு புரதம், நுழையும் வைரஸின் எழுத்துகளை மாற்றிக் கெடுத்தும் வைக்கும். இப்படிக் கெட்டவை சொத்தை விதை மாதிரி, முளைக்காது. ஆனால் முழுதாக இருப்பவை எல்லாமும் ஒரே தூண்டுதலில் விழிப்பதில்லை. முதல் முறை எழாத செல் இரண்டாவது, மூன்றாவது முறை எழுகிறது. உண்மையான எண்ணிக்கை இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

வருஷம் போகப் போகத் தானாகக் குறைந்துவிடாதா?

முதல் சில ஆண்டுகளில் குறைகிறது. அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. 20 ஆண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து மருந்தில் இருந்தவர்களை சிலிசியானோவின் குழு ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டினால் எழும் வைரஸ் மேற்கொண்டு குறைவதாகத் தெரியவில்லை. இந்தியாவில் அரசு இலவசமாக ஏ.ஆர்.டி. கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1-இல்; முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அந்தக் காலத்திலிருந்து ஒரு வேளை தவறாமல் போட்டு வருகிறவருக்கும் இதே நிலைதான் என்று கொள்ளலாம்.

ஏன் குறைவதில்லை? இங்கேதான் கோரைக்கிழங்கு உவமை இன்னும் சரியாகப் பொருந்துகிறது. கோரை பரவ விதை வேண்டியதில்லை. ஒரு கிழங்கு மண்ணுக்கடியில் கொடி விட்டு இன்னொரு கிழங்கை வைக்கும். நினைவு செல்லும் அப்படித்தான். தன் எண்ணிக்கையைக் காத்துக்கொள்ள அது அவ்வப்போது இரண்டாகப் பிரியும். பிரியும்போது டி.என்.ஏ. முழுவதும் நகலாகும், உள்ளே ஒட்டியிருக்கும் வைரஸும் சேர்ந்து நகலாகும். வைரஸ் தன் சொந்த முயற்சியில் ஒரு அடிகூட எடுத்துவைக்கவில்லை, ஆனால் ஒன்று இரண்டாகிவிட்டது. மருந்துக்கு இதில் தடுக்க ஒன்றுமில்லை.

இதைக் கையும் களவுமாகப் பிடித்தது 2014-இல். இரண்டு குழுக்கள், வைரஸ் செல்லின் டி.என்.ஏ.வில் சரியாக எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தன. வைரஸ் கண்ட இடத்தில் ஒட்டக்கூடியது; இரண்டு செல்களில் தற்செயலாக ஒரே எழுத்தில் ஒட்டுவது நடக்காத காரியம். ஆனால் ஒருவருடைய பல செல்களில் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தது. அவை எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தம் இல்லை.

மாத்திரையைத் தவறாமல் போடுகிறேன். ஆனாலும் வைரல் லோடு 60, 90 என்றே வருகிறது. கவுன்சலர் நம்ப மாட்டேன் என்கிறார்.

ஒரு தடவை மட்டும் வந்து அடுத்த முறை மறைந்துவிட்டால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை. பரிசோதனையிலேயே அவ்வளவு ஏற்ற இறக்கம் உண்டு. தொடர்ந்து வந்தால், மாத்திரை விடுபடுகிறதா, வேறு மருந்தோடு மோதுகிறதா என்று முதலில் பார்ப்பது சரிதான். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, அசிடிட்டிக்கான ஜெலூசில் வகை மருந்து ஆகியவை டோலுடெகிராவிரை உடம்பில் சேரவிடாமல் செய்யும். இதைப் பலரிடம் யாரும் சொல்வதே இல்லை. இவற்றில் எதையாவது போடுகிறவர்கள் எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இது எதுவும் இல்லையென்றால்? மேலே சொன்ன செல் வாரிசுக் கூட்டம் காரணமாக இருக்கலாம். கூட்டம் பெரிதாக இருந்தால் அதில் சில செல்கள் எப்போதும் விழித்து வைரஸை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மருந்து வேலை செய்வதால் அந்த வைரஸால் புதிய செல்லைப் பிடிக்க முடியாது. ஆனால் பிளாஸ்மாவில் மிதக்கும், ரிப்போர்ட்டில் ஏறும். இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்தபோது மருந்தை எதிர்க்கும் மாற்றம் எதுவும் அந்த வைரஸில் இல்லை, மருந்தை மாற்றியும் பயனில்லை என்று தெரிந்தது. ஆகவே, குறைந்த அளவில் வைரஸ் தெரிந்தாலே 'நீ மாத்திரை போடவில்லை' என்று எடுத்த எடுப்பில் சொல்வது அநியாயம். உண்மையைச் சொல்கிறவரையும் அது பொய் சொல்லப் பழக்கும்.

இரத்தத்தைத் தவிர வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

இரத்தத்தை எடுப்பது எளிது, அதனால் ஆய்வுகள் பெரும்பாலும் இரத்தத்தில்தான் நடந்தன. ஆனால் நம் லிம்போசைட்டுகளில் (சிடி4 செல்களும் சேர்ந்த ஒரு வகை வெள்ளை அணுக்கள்) ஏறக்குறைய 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் இரத்தத்தில் இருக்கும். மற்றவை நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, குடல் என்று பரவிக் கிடக்கின்றன. பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை எண்ணி ஊரின் ஜனத்தொகையைச் சொல்வது மாதிரிதான் இரத்தப் பரிசோதனை.

நிணநீர்க் கணு என்பது வேறொன்றுமில்லை, காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதுதான். அதற்குள் 'ஃபாலிக்கிள்' என்று சின்னச் சின்ன வட்டமான பகுதிகள் உண்டு. எதிர்ப்புப் பொருள் தயாரிக்கும் பி செல்களுக்கு அங்கேதான் பயிற்சி. பயிற்சி தருவது ஒரு வகை சிடி4 செல். எச்.ஐ.வி.க்கு மிகவும் பிடித்த செல்களில் இதுவும் ஒன்று. வைரஸ் பிடித்த செல்லைக் கொல்லும் சிடி8 செல்களுக்கோ அந்த வட்டத்துக்குள் நுழைவதற்கான 'அடையாள அட்டை' பெரும்பாலும் கிடையாது. பாதுகாவலர் வாசலிலேயே நிற்க, உள்ளே இருப்பவர் பத்திரமாக இருக்கிறார். போதாக்குறைக்கு, மருந்தின் அளவு இரத்தத்தைவிட நிணநீர்க் கணுவில் குறைவாக இருப்பதாகவும் சில அளவீடுகள் காட்டியிருக்கின்றன.

குடலைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. உடம்பிலேயே சிடி4 செல்கள் மிக அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று குடல் சுவர். தினமும் சாப்பாட்டோடு ஆயிரம் கிருமி போகிற வழி அல்லவா. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே குடலின் சிடி4 செல்கள் பெருமளவில் அழிந்துவிடும். சிகிச்சையில் இரத்தத்தின் சிடி4 எண்ணிக்கை நன்றாக ஏறினாலும் குடலில் மெதுவாகத்தான் ஏறும். வைரஸ் டி.என்.ஏ.வோ, செல்லுக்குச் செல் பார்த்தால் இரத்தத்தைவிடக் குடலில் பொதுவாகக் கூடுதல்.

விரை, பிறப்புறுப்பு, கல்லீரல், கொழுப்புத் திசு ஆகியவற்றிலும் கண்டிருக்கிறார்கள்.

உயிரோடு இருப்பவரின் மூளையிலிருந்தோ இதயத்திலிருந்தோ துண்டு எடுத்துப் பார்க்க முடியாது. இதற்கு விடையாக அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 'கடைசிப் பரிசு' என்று பொருள்படும் பெயரில் ஒரு ஆய்வு நடக்கிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்ந்து, புற்றுநோய் போன்ற வேறு ஏதோ நோயால் கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்கள், தாங்களாகவே முன்வந்து உடலை எழுதிக்கொடுக்கிறார்கள். இறந்த சில மணி நேரத்துக்குள் பல உறுப்புகளிலிருந்து திசு எடுக்கப்படுகிறது. ஒரே செல்லின் வாரிசுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத உறுப்புகளிலும் இருந்தது இப்படித்தான் தெரிந்தது. வைரஸ் ஓரிடத்தில் அடைந்து கிடப்பதில்லை. செல்லோடு சேர்ந்து பயணம் செய்கிறது.

மூளையிலும் இருக்கிறது என்றால் எனக்குப் புத்தி மங்குமா?

பயப்படாதீர்கள். மூளையில் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் உண்டு. பல ஆண்டுகள் வாழக்கூடியவை. சிகிச்சையில் இருந்து இறந்தவர்களின் மைக்ரோக்ளியாவில் உயிருள்ள வைரஸ் தூங்கிக்கொண்டிருப்பதை 2023-இல் அமெரிக்காவின் வட கரோலைனா ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் 'இருக்கிறது' என்பதும் 'சேதம் செய்கிறது' என்பதும் ஒன்றல்ல. சிகிச்சை வருவதற்கு முன் பார்த்த கடுமையான எச்.ஐ.வி. மறதி நோய் இன்று மருந்தில் இருப்பவர்களிடம் அபூர்வம். இலேசான கவனக்குறைவு, மறதி சிலருக்கு உண்டு. அதில் தூக்கமின்மை, மனச்சோர்வு, சர்க்கரை, வயது எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கும். புதிதாகக் குழப்பமோ நடையில் தடுமாற்றமோ வந்தால் மட்டும் 'எல்லாம் எச்.ஐ.வி.' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் போங்கள். அரிதாக, இரத்தத்தில் தெரியாத வைரஸ் தண்டுவட நீரில் மட்டும் தலைகாட்டுவதுண்டு. மருந்தை மாற்றிச் சரிசெய்யலாம்.

அந்த இடங்களில் எல்லாம் வைரஸ் சத்தமில்லாமல் பெருகிக்கொண்டே இருக்கிறதா?

இதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. மருந்து குறைவாக இருக்கும் திசுக்களில் பெருக்கம் தொடர்கிறது என்று 2016-இல் வந்த ஒரு ஆய்வு சொன்னது. வேறு பலர் அதை ஏற்கவில்லை. எனக்கு நம்பத் தகுந்ததாகத் தெரிவது இரண்டாவது தரப்பு. காரணம் எளிது: எச்.ஐ.வி. பெருகினால் மாறும். பத்தாண்டு மருந்தில் இருந்தவரின் வைரஸ், சிகிச்சை தொடங்கிய நாளில் எப்படி இருந்ததோ அநேகமாக அப்படியே இருக்கிறது. பெருகியிருந்தால் மாத்திரையை ஒழுங்காகப் போட்டவர்களுக்கும் சில ஆண்டுகளில் மருந்து கேட்காமல் போயிருக்க வேண்டும். அப்படிப் போவதில்லை.

சரி, மாத்திரையை நிறுத்திப் பார்த்தால் என்ன ஆகும்?

பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வாரத்தில் வைரஸ் திரும்பிவிடும். எங்கோ ஏதோ ஒரு நினைவு செல் தன் பழைய கிருமியைச் சந்தித்து விழித்துக்கொண்டால் போதும். மருந்து இல்லாததால் அதிலிருந்து வெளிவரும் வைரஸ் அடுத்த செல்லைப் பிடிக்கும், அது அடுத்ததை.

நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் பக்க விளைவு குறையுமே என்று நினைத்து 'ஸ்மார்ட்' என்ற பெரிய ஆய்வில் 5,472 பேரைச் சேர்த்தார்கள். இடைவெளி விட்டவர்களில் சாவும், எதிர்ப்புச் சக்தி குறைந்தால் தொற்றும் நோய்களும் (சந்தர்ப்பவாதத் தொற்று) சேர்ந்து இரண்டரை மடங்குக்கும் மேல் வந்ததால் 2006 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. இதயம், சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளும் இடைவெளி விட்டவர்களுக்கே அதிகம். இன்னொன்று, ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்து இருப்பவருக்கு டெனோஃபோவிரை நிறுத்துவது கல்லீரலுக்கே ஆபத்து.

ஒரு நாள் மறந்துபோனதற்காக ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஞாபகம் வந்ததும் போடுங்கள், இரட்டை டோஸ் வேண்டாம்.

உள்ளே வைரஸ் இருக்கும்போது என் துணைக்குப் பரவாதா?

உடலுறவின் மூலம் பரவாது. கண்டறிய முடியாத அளவு தொடர்ந்து இருக்க வேண்டும், அவ்வளவுதான். பரவுவதற்கு வெளியே மிதக்கும் வைரஸ் போதுமான அளவு வேண்டும். தூங்கும் செல் அதைத் தருவதில்லை. இது ஆறுதல் வார்த்தை அல்ல. ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,763 ஜோடிகளை வைத்து நடந்த எச்.பி.டி.என். 052 ஆய்வில் சென்னையும் ஒரு மையம். சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் அது சொன்னது. அப்புறம் ஐரோப்பாவின் 'பார்ட்னர்' ஆய்வின் இரண்டாம் கட்டம், ஆண்–ஆண் ஜோடிகளில் ஆணுறை இல்லாமல் சுமார் 76,000 முறை நடந்த உறவைக் கணக்கில் எடுத்து 2019-இல் முடிவை வெளியிட்டது. துணையிடமிருந்து பரவியது: பூஜ்யம்.

ஆனால் இரத்த தானம் கூடாது. இரத்தத்தோடு செல்களும் போகும், அவற்றோடு தூங்கும் வைரஸும் போகும். தாய்ப்பாலிலும் செல்கள் உண்டு. மருந்தில் இருக்கும் தாயிடமிருந்து பரவும் வாய்ப்பு மிகமிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. அதனால் குழந்தைக்கும் மருந்து கொடுக்கிறார்கள்.

உலகத்தில் சிலருக்கு முழுக்கக் குணமாகியிருக்கிறதாமே?

ஆமாம், விரல்விட்டு எண்ணலாம். முதலாமவர் 'பெர்லின் நோயாளி' எனப்பட்ட டிமதி ரே பிரவுன். இரத்தப் புற்றுநோய்க்காக 2007-இலும் 2008-இலும் அவருக்கு எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் தண்டுசெல்கள் மாற்றப்பட்டன. தானம் தந்தவரை மருத்துவர் கெரோ ஹ்யூட்டர் தேடிப் பிடித்திருந்தார்: எச்.ஐ.வி. நுழையும் சிசிஆர்5 என்ற கதவே பிறவியில் இல்லாதவர். பழைய செல்கள் அழிந்து, கதவில்லாத புதிய செல்கள் அந்த இடத்தைப் பிடித்தன. 2020-இல் அவர் இறந்தது திரும்பி வந்த புற்றுநோயால். வைரஸ் கடைசிவரை திரும்பவில்லை. 2019-இல் லண்டனின் ஆடம் கஸ்டியெகோ, அப்புறம் இன்னும் சிலர்.

இதைக் கேட்டதும் 'எனக்கும் மாற்றுங்கள்' என்று தோன்றும். மாத்திரையில் நன்றாக இருப்பவருக்கு எந்த மருத்துவரும் இதைச் செய்யமாட்டார். சாகவும் கூடிய சிகிச்சை இது. புற்றுநோய் என்ற வேறு வழியில்லாத காரணத்தால்தான் இவர்களுக்குச் செய்தார்கள். கதவில்லாத அந்த மரபு மாற்றம் வட ஐரோப்பியரில் நூற்றுக்கு ஒருவரிடம் இருக்கிறது, நம்மவர்களிடம் மிக அரிது.

எனக்கு இதில் அதிகம் பாடம் சொல்வது வெற்றிபெற்ற கதைகளைவிட பாஸ்டனின் இரண்டு நோயாளிகள். அவர்களுக்கும் மஜ்ஜை மாற்றம் நடந்தது, ஆனால் சாதாரண செல்களோடு. எவ்வளவு தேடியும் வைரஸ் டி.என்.ஏ. கிடைக்கவில்லை. மருந்தை நிறுத்தினார்கள். ஒருவருக்கு 12 வாரத்தில், மற்றவருக்கு 32 வாரத்தில் வைரஸ் திரும்பியது. தேடிக் கிடைக்காததை 'இல்லை' என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் 2023-இல் அறிவிக்கப்பட்ட ஜெனீவா நோயாளிக்கும் சாதாரண செல்கள்தான், அவருக்குத் திரும்பவில்லை. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொற்றியவுடனே சிகிச்சை தொடங்கியிருந்தால் பதுங்கவே விடாமல் தடுத்திருக்கலாமா?

கஷ்டம். குரங்குகளில் எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸைச் செலுத்தி மூன்றாம் நாளே, இரத்தத்தில் வைரஸ் தெரிவதற்கு முன்பே, மருந்து தொடங்கிப் பார்த்தார்கள். மருந்தை நிறுத்தியதும் வந்துவிட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010-இல் பிறந்த ஒரு குழந்தைக்குப் பிறந்து சுமார் 30 மணி நேரத்தில் சிகிச்சை தொடங்கினார்கள். ஒன்றரை வயதில் மருந்து நின்றுபோனது. 27 மாதம் வைரஸ் தெரியவில்லை. குணமாகிவிட்டது என்று உலகமே கொண்டாடியது. 2014-இல் திரும்பியது.

ஆனாலும் சீக்கிரம் தொடங்குவதால் பதுங்கும் அளவு குறையும், எதிர்ப்பு மண்டலம் அதிகம் பிழைக்கும். இப்போது சிடி4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் உடனே மாத்திரை தொடங்குவது இதனாலும்தான்.

ஒழிக்க என்ன முயற்சி நடக்கிறது?

தூங்கும் செல்லை எழுப்பி, வைரஸைக் காட்டிக்கொடுக்கச் செய்து, பிறகு கொல்லலாம் என்பது நெடுநாள் யோசனை. புற்றுநோய் மருந்தான வோரினோஸ்டாட் தூக்கத்தைக் கலைக்கிறது என்று 2012-இல் டேவிட் மார்கோலிஸின் குழு காட்டியது. எழுப்ப முடிந்தது, கொல்ல முடியவில்லை. அதோடு தடுப்பூசியையும் சேர்த்துப் பார்த்த இங்கிலாந்தின் 'ரிவர்' ஆய்விலும் பதுங்கிடம் சுருங்கவில்லை. எழுப்புவதற்குப் பதில் நிரந்தரமாகத் தூங்கவைத்துப் பூட்டிவிடலாம் என்பது எதிர்த்திசை யோசனை. கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் வைரஸை வெட்டியெடுக்கும் சோதனையில் மருந்தை நிறுத்திய மூவருக்கும் வைரஸ் திரும்பியது என்று 2024-இல் அறிவித்தார்கள். ஒருவருக்கு மட்டும் தாமதமாக, 16 வாரம் கழித்து. அது வெட்டாமல் விட்ட செல்களே போதுமானவையாக இருந்திருக்கின்றன.

மூலிகை மருந்தில் வேரோடு அழித்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். போய்ப் பார்க்கலாமா?

வேண்டாம். அவர் காட்டும் 'கண்டறியப்படவில்லை' ரிப்போர்ட், பெரும்பாலும் நோயாளி கூடவே போட்டுவந்த ஏ.ஆர்.டி.யின் பலன். இந்தியாவின் மருந்து விதிகளில் ஜே அட்டவணை என்று ஒன்று உண்டு. குணப்படுத்துவதாகவோ தடுப்பதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியல் அது. முதலில் இருப்பதே எய்ட்ஸ்தான்.

என் உடம்பில் எவ்வளவு பதுங்கியிருக்கிறது என்று டெஸ்ட் எடுக்க முடியுமா?

ஆய்வகங்களில் முடியும், மருத்துவமனையில் முடியாது. நிறைய இரத்தம் வேண்டும், வாரக்கணக்கில் நேரம் வேண்டும். அப்படியே எண் ஒன்று கையில் கிடைத்தாலும் போடும் மாத்திரையில் எந்த மாற்றமும் வராது. உங்களுக்குப் பயன்படும் டெஸ்ட் வழக்கமான வைரல் லோடுதான். அடுத்தது எப்போது என்று தெரியாவிட்டால், மாத்திரை வாங்கப் போகும்போது ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள்; உங்கள் பச்சைப் புத்தகத்தையோ கார்டையோ பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.